பால் ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிக்குச் சாப்பாடு

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், பதிந்து கர்ப்பப் பதிவேடான பிங்க் புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து, வீட்டில் எல்லாருக்கும் பால் ஞாபகம் வந்துவிடும். காலையில் ஒரு டம்ளர், படுக்கப் போகும்போது ஒரு டம்ளர், நடுவில் யாரோ வாங்கி வந்த கர்ப்பிணிப் பால் மாவு. சில பெண்களுக்கு அதைக் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று உருண்டு, கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவருக்கும், தொழிற்சாலை பஸ் பிடிக்க 6 மணிக்குச் சாலையோரம் நிற்கிறவருக்கும் இது சின்ன வேதனை இல்லை. பக்கத்தில் கழிப்பறையே இருக்காது.

இரண்டில் ஒன்று நடக்கிறது. மாமியார் மனம் நோகக் கூடாது என்று குடித்துக் குடித்து அவதிப்படுகிறார்கள். அல்லது பாலை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கவலை தருவது இந்த இரண்டாவதுதான். பால் போனால் அதோடு சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), புரதம், அயோடின், பி12 எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போகிறது. பிறக்கும் குழந்தையின் எலும்பில் ஏறக்குறைய 30 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயின் உடம்பிலிருந்துதான் போகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், மார்க்கெட்டிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பதை வைத்தே இதை ஈடுகட்ட முடியும். எதை, எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

வயிற்றுக்குள் நடப்பது

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லேக்டோஸ் என்று பெயர். பால் சர்க்கரை என்றே சொல்வோம். அதை உடைக்கச் சிறுகுடலில் ஒரு நொதி வேண்டும். கைக்குழந்தைக்கு அது நிறைய இருக்கும். வளர வளரக் குறைந்துவிடும். ஆசியாவில் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இப்படித்தான், ஆகவே இது நோயும் இல்லை, உடம்பில் குறையும் இல்லை. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும், காற்று உண்டாகும், தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் இதனால்தான். பொதுவாகக் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தாய்க்கு இது தொல்லை. கருவில் இருக்கும் குழந்தையை இது நேராகத் தொடுவதில்லை.

பால் ஒவ்வாமை வேறு விஷயம். பால் பட்டதும் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு என்று வந்தால் அது பாலின் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லும் தயிர், சீஸ், லேக்டோஸ் நீக்கிய பால் எதையும் தொடக்கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், கர்ப்ப காலத்தில் வயிறு பல காரணங்களால் கெடும் என்பது. முதல் மூன்று மாத மசக்கையில் பால் வாசமே குமட்டும். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரை சிலருக்கு வயிற்றைப் பிசையும், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் போக்கு. சர்க்கரை சோதனைக்குக் குடிக்கச் சொல்லும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டினால் அதற்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை, அதில் பால் சர்க்கரை கிடையாது. ஒருமுறை வயிற்றுப்போக்குக் காய்ச்சல் வந்து போன பிறகும் சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது தானாகவே சரியாகும்.

எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்ப்பது

ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது 250 மில்லியில், சுமார் 12 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாது என்கிறவர்களிலும் பலருக்கு இந்த 12 கிராம் வரை ஒரே நேரத்தில் பெரிய தொல்லையில்லாமல் தாங்கும், சாப்பாட்டோடு சேர்ந்து போனால் இன்னும் நன்றாகத் தாங்கும். ஆகவே முழுசாக நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்.

மசக்கை அடங்கிய பிறகு தொடங்குங்கள். ஒரு வாரம் பால், மைலோ, தே தாரிக் (பால் தேநீர்), ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பால் சேர்ந்த பிஸ்கட்டும் அந்த வாரம் வேண்டாம். அந்த வாரத்தில் வயிறு அமைதியாகிறதா பாருங்கள். ஆகவில்லை என்றால் காரணம் பால் இல்லை, கிளினிக்கில் சொல்லுங்கள். அமைதியானால், மதியம் சோறு சாப்பிட்டு முடித்ததும் 60 மில்லி பால், கால் டம்ளர், மூன்று நாள். தொல்லை இல்லையா, 125 மில்லி, மூன்று நாள். பிறகு 200. எந்த அளவில் உப்புசம் தொடங்குகிறதோ அதற்கு முந்திய அளவுதான் உங்கள் அளவு. அதை ஒரு நாளில் இரண்டு தடவையாக, சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் விடியற்காலைப் பால்தான் பெரும்பாலோரைக் கெடுப்பது. அதை முதலில் விடுங்கள்.

மாதம் ஏற ஏறச் சிலருக்குப் பால் முன்னைவிட நன்றாகத் தாங்குவதும் உண்டு. கர்ப்பத்தில் குடல் மெதுவாக நகர்வதால் செரிக்க நேரம் கிடைக்கிறது. அதனால் நாலாம் மாதம் ஒத்துக்கொள்ளாதது ஏழாம் மாதம் ஒத்துக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம், மறுபடி அளந்து பாருங்கள்.

எதில் இருக்கிறது, எதில் இல்லை

காய்ச்சினால் பால் சர்க்கரை போகாது. கொழுப்பு எடுத்த பாலிலும் அதே அளவுதான். ஆட்டுப்பாலிலும் இருக்கிறது, ஏ2 பால் என்று விற்பதிலும் இருக்கிறது. கர்ப்பிணிப் பால் மாவு பெரும்பாலும் பசும்பால் மாவுதான். சத்து கூட்டியிருக்கிறார்களே தவிர, பால் சர்க்கரையை எடுத்திருக்க மாட்டார்கள். டின்னில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். மைலோ பொட்டலத்தில் பால் மாவு கலந்தே இருக்கிறது. அதற்கு மேல் டின் பாலையும் ஊற்றிக் குடித்துவிட்டு, "நான் பாலே குடிக்கிறதில்லை, ஆனா வயிறு உப்புது" என்பவர்கள் நிறைய.

டின் பால் இப்போது பல நேரம் பாமாயில் கலந்த 'கிரிமெர்' தான். பால் சர்க்கரை கொஞ்சம் குறைவு, சீனி ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். கர்ப்ப காலச் சர்க்கரை நோய் நம்மவர்களுக்குச் சுலபமாக வருகிறது. ஒரு நாளைக்கு மூன்று தே தாரிக் என்பதைப் பால் குடித்த கணக்கில் சேர்க்காதீர்கள். தேயிலை இரும்புச் சத்தையும் தடுக்கும்.

நெய்யில் பால் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம், வெண்ணெயில் மிகக் குறைவு. நாள்பட்ட கெட்டிச் செடார் சீஸிலும் ஏறக்குறைய இல்லை. 30 கிராமில் 200 மி.கி. சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக வரும் சீஸ் துண்டில் பால் மாவோ வேயோ (பால் திரிந்ததும் வடியும் தண்ணீரிலிருந்து எடுப்பது) சேர்ப்பதுண்டு, கொஞ்சம் பார்த்து எடுக்க வேண்டும். பன்னீரில் தண்ணீர் வடிந்துபோவதால் பாலைவிடக் குறைவு.

பொட்டலத்தின் பின்புறம் மலாயில் இருப்பதைப் படியுங்கள். சுசு (பால்), தெப்புங் சுசு (பால் மாவு), பெப்பெஜால் சுசு (பாலின் திடப்பொருள்), வேய், லக்தோசா (லேக்டோஸ்) — இவற்றில் ஏதாவது ஒன்று முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் வந்தால் அளவு கணிசமாக இருக்கும். பட்டியலின் கடைசியில் வந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது.

தேங்காய்ப்பாலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பெயரில்தான் பால். அதில் பால் சர்க்கரை இல்லை, வயிற்றுக்கு நல்லது, கஞ்சிக்கும் குழம்புக்கும் தாராளமாக ஊற்றலாம். ஆனால் சுண்ணாம்புச் சத்தும் இல்லை, புரதமும் சொற்பம். பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று மாற்றிக்கொண்டால் சத்தில் பெரிய ஓட்டை விழும்.

லேக்டோஸ் நீக்கிய பால் பட்டணத்துச் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டியில் கிடைக்கிறது. நொதியைச் சேர்த்து முன்கூட்டியே சர்க்கரையை உடைத்திருப்பார்கள், அதனால் நாக்குக்கு இனிப்பாக இருக்கும். சுண்ணாம்பு, புரதம் எதுவும் குறையாது. விலைதான் இடிக்கும். கைக்கு எட்டினால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்கள், இதிலும் மொத்தச் சர்க்கரை சாதாரணப் பால் அளவே என்பதை நினைவில் வைக்கவும்.

தயிர்தான் முதல் மருந்து

பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். உறையும்போதே கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தை, அந்த உயிருள்ள கிருமிகளே வயிற்றுக்குள் போய் உடைக்க உதவுகின்றன. இரண்டாவது பாதி வேலை செய்ய வேண்டுமானால் தயிர் கொதிக்கக் கூடாது. மோர்க்குழம்பு கொதித்த பிறகு அது வெறும் புளித்த பால்தான்.

வீட்டில் உறை ஊற்றுவது இப்படி. 1 லிட்டர் பால். தோட்டத்துப் பக்கம் மாடு வைத்திருப்பவர் பாட்டிலில் கொண்டுவரும் பால் என்றால் பொங்கி வந்த பிறகும் தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே மூன்று நிமிடமாவது கொதிக்க விடுங்கள். காய்ச்சாத மாட்டுப்பாலில் வரும் கிருமிகள் கருவையே கலைக்கக் கூடியவை. கர்ப்பிணி வீட்டில் அதில் சமரசம் கூடாது. இறக்கி ஆற விடுங்கள். சுண்டு விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை சூடு தாங்க வேண்டும். எட்டில் கையை எடுக்கத் தோன்றினால் இன்னும் சூடு, உறைக் கிருமி செத்துப்போகும். சூடே தெரியவில்லை என்றால் ஆறிவிட்டது, தயிர் வழவழவென்று நூல் இழுக்கும். 2 தேக்கரண்டி பழைய தயிரைக் கரைத்து ஊற்றி, மூடி, அசைக்காமல் வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். உடனே ஃபிரிட்ஜில் வைக்காமல் இன்னும் 2 மணி நேரம் விடுங்கள். புளிப்பு ஏற ஏறப் பால் சர்க்கரை குறையும். நூல் இழுக்கிற தயிர், மேலே நிறம் மாறிய தயிர், இரண்டையும் கொட்டிவிடுங்கள்.

100 கிராம் தயிரில் சுமார் 120 மி.கி. சுண்ணாம்புச் சத்து. மதியச் சோற்றோடு அரை டம்ளரில் தொடங்குங்கள். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும்: தயிர்ச்சோறு புளிக்காமல் இருக்கப் பிசையும்போது பால் ஊற்றுவது. மதியப் பொட்டலத்துக்குக் கட்டிக்கொடுக்கும் தயிர்ச்சோற்றில் பாதி பால்தான் இருக்கும். "தயிர்கூட எனக்கு ஆகல" என்று சொல்பவர்கள் வீட்டில் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம்

கர்ப்பிணிக்கு நாள் ஒன்றுக்கு 1000 மி.கி. சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பால் 300 தரும். பால் இல்லாமல் இதை எட்ட ஒரே பொருளை நம்பக் கூடாது. ஐந்தாறு இடத்திலிருந்து நூறு நூறாகச் சேர்க்க வேண்டும்.

ஈக்கான் பிலிஸ், அதாவது காய்ந்த நெத்திலி, இதில் பெரிய துணை. ஆனால் சத்து எலும்பில்தான் இருக்கிறது. கடையில் தலையும் முள்ளும் எடுத்து இரண்டாகப் பிளந்து விற்கும் 'கோப்பே' பிலிஸ் விலையும் அதிகம், சுண்ணாம்பும் போய்விட்டது. முழுசாக இருக்கும் சின்ன பிலிஸை வாங்குங்கள். 20 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி, 100 மி.கி.க்குக் குறையாமல் தரும். உப்பு அதிகம் என்பதால் இரண்டு தண்ணீரில் அலசி, வடிகட்டி, இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் சின்னத் தீயில் பத்து நிமிடம் வறுத்தால், விரலில் எடுத்து மடக்கும்போது பட்டென்று உடையும். மடங்கினால் ஈரம் இருக்கிறது, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் மிக்ஸியில் பொடித்து மூடிவைத்தால் ரசத்திலும் கீரையிலும் பருப்பிலும் ஒரு கரண்டி தூவிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பிங்க் புத்தகத்தில் எழுதியிருந்தால் இந்தப் பொடியைக் குறைத்து, தௌஹு (சோயாப் பாலை உறைய வைத்த கட்டி) பக்கம் போங்கள்.

சார்டின் டின்னில் நடு முள் மெத்தென்று வெந்திருக்கும். அதை எடுத்துப் போடாமல் மசித்துச் சம்பலில் சேருங்கள். தக்காளிச் சாற்றில் வரும் சார்டின் 100 கிராமில் 240 மி.கி. இருக்கும். கெம்போங் மீன் குழம்பு நல்லதுதான், புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு, ஆனால் சதையை மட்டும் தின்று முள்ளை ஒதுக்குவதால் சுண்ணாம்புக் கணக்கில் சேராது. சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். பிள்ளை பெற்ற பிறகு சுறாப்புட்டு வைப்பார்கள். கெம்போங்கை ஆவியில் வேகவைத்து முள் எடுத்து உதிர்த்தால் அதே ருசி வந்துவிடும்.

தௌஹுவில் கெட்டியான தௌகுவா வகையைப் பாருங்கள். அதைப் பெரும்பாலும் சுண்ணாம்பு உப்புப் போட்டு உறைய வைக்கிறார்கள், 100 கிராமில் 150 முதல் 350 மி.கி. வரை இருக்கும். குழாய் மாதிரி பிளாஸ்டிக்கில் வரும் முட்டைத் தௌஹு மெத்தென்று இருந்தாலும் இந்தக் கணக்குக்கு உதவாது. தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் சுமார் 110. நன்றாகப் பொரித்தோ வேகவைத்தோ சாப்பிடுங்கள்.

சோயா பாலில் பலர் ஏமாறுகிறார்கள். பசார் மாலாமில் பாட்டிலில் விற்கும் சோயா தண்ணீரும் வீட்டில் அரைப்பதும் புரதத்துக்குச் சரி. சுண்ணாம்பு மிகக் குறைவு, சீனி அதிகம். பெட்டியில் வருவதில் 'கல்சியம்' சேர்த்திருக்கிறார்களா, 100 மில்லிக்கு 100 முதல் 120 மி.கி. இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றும் முன் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். சேர்த்த சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும், குலுக்காமல் ஊற்றினால் அது பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

கீரைக்கு வருவோம். பசலையும் தண்டுக்கீரையும், மார்க்கெட்டில் பாயாம் என்று விற்பது, காகிதத்தில் சுண்ணாம்பு நிறையக் காட்டும். ஆனால் அவற்றில் இருக்கும் ஆக்ஸலேட் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. பசலையில் இருப்பதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். பாலில் முப்பது பங்கு சேரும். சாவி (கடுகுக் கீரை வகை), கைலான் மாதிரிக் கீரைகளில் பாலையும் மிஞ்சி ஐம்பது பங்கு வரை சேரும். ஆகவே பாயாமை மற்ற சத்துகளுக்காகச் சாப்பிடுங்கள். சுண்ணாம்புக்கு சாவியும் கைலானும். வேக வைத்த ஒரு கிண்ணம் ஏறக்குறைய 100 முதல் 150 தரும். முருங்கைக் கீரையிலும் நிறைய இருக்கிறது, வாரம் இரண்டு மூன்று முறை பிலிஸ் பொடி போட்டு வதக்குங்கள். மரப்பட்டையும் வேரும் கர்ப்பத்தில் ஆகாது, இலை போதும்.

எள் ஒரு மேசைக்கரண்டி, தோலோடு, சுமார் 90 மி.கி. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அதில் சிறு பங்குதான் மிஞ்சும். முதல் மாதங்களில் எள் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இட்லிப் பொடியில் சேரும் அளவுக்கு எள் கெடுதி செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் மாமியோடு அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. நாலாம் மாதம் வரை பிலிஸிலும் தௌஹுவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு சத்துதானே என்று பாக்கோடு மெல்லச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். பாக்கு குழந்தையின் எடையைக் குறைக்கும்.

கேழ்வரகுக் கஞ்சி

100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவில் இருக்கிறது. தானியங்களில் இதற்கு இணை கிடையாது. மளிகைக் கடையில் மாவாகவே கிடைக்கும். முளைகட்டிய மாவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சத்தைப் பிடித்து வைக்கும் பொருள் முளைக்கும்போது குறைகிறது. இரவே கரைத்துப் புளிக்க வைத்தாலும் அதே பலன்.

ஒருவருக்கு 3 மேசைக்கரண்டி மாவு, சுமார் 30 கிராம். அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சுடுதண்ணீரில் நேராகப் போட்டால் வெளியே வெந்து உள்ளே மாவாகக் கட்டி நிற்கும். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறுங்கள். முதலில் செம்மண் தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் நிறம் கறுத்து, மேலே பளபளப்பு வரும், கரண்டி போன தடம் ஒரு நொடி நின்று மறையும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அவசரத்தில் மூன்று நிமிடத்தில் இறக்கினால் பச்சை மாவு வயிற்றை உப்ப வைக்கும், பழி வேறு எதற்கோ போகும். இறக்கி, 2 மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலும் உப்பும் சேருங்கள். புளிக்க வைத்த கஞ்சி என்றால் ஆறியபின் தயிர், சின்ன வெங்காயம். சர்க்கரை சோதனையில் அளவு கூடியிருப்பவர்கள் குலா மலாக்கா வெல்லம் போட வேண்டாம்.

ஒரு நாளை அடுக்கினால்

விடியற்காலை கேழ்வரகுக் கஞ்சி, 100 மி.கி. சுண்ணாம்புச் சத்து. அவசரமாகப் போகிறவர்கள் பிளாஸ்கில் எடுத்துப் போகலாம். 10 மணி இடைவேளையில் சுண்ணாம்பு சேர்த்த சோயா பால் ஒரு 250 மில்லிப் பெட்டி, 250 முதல் 300. மதியம் சோறு, பருப்பு, மீன் குழம்பு, சாவிப் பொரியல் ஒரு கிண்ணம், தயிர் அரை டம்ளர், எல்லாம் சேர்த்து 250. சாயங்காலம் இரண்டு இட்லியோ தோசையோ எள்ளுப்பொடியோடு, 90. இரவுக்குச் சப்பாத்தி, 100 கிராம் தௌகுவாவும் கொஞ்சம் பிலிஸும் போட்ட சம்பல், 250. முட்டை, பயறு, மற்றதில் உதிரியாக வருவது மிச்சத்தை நிரப்பிவிடும். தௌகுவா இல்லாத நாளில் சார்டின், சாவி இல்லாத நாளில் முருங்கை. ஒரு நாள் 700 வந்தால் கவலை வேண்டாம், வாரம் முழுக்க அப்படியே போனால்தான் குறை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பாலையும் நிறுத்தி, மீனும் முட்டையும் தொடாதவர்களுக்கு பி12 எங்கிருந்தும் வராது. கீரை, பருப்பு, தௌஹு, தெம்பே எதுவும் அதை நம்பத்தக்க அளவில் தராது. தயிர் ஒத்துக்கொண்டால் தினமும் இரண்டு வேளை. அதுவும் இல்லையென்றால் பி12 மாத்திரை வேண்டும் என்று கிளினிக்கில் தெளிவாகக் கேளுங்கள், தானாகக் கொடுப்பார்கள் என்று இருக்காதீர்கள். புரட்டாசி விரதம் ஒரு மாதம் பிடிப்பதானால் அதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் தருகிற அயோடினுக்குப் பதில், உப்புப் பொட்டலத்தில் 'பெரியோடின்' என்று இருக்கிறதா பாருங்கள்.

மாத்திரையில் வரும் குழப்பம்

கிளினிக்கில் கொடுக்கும் கால்சியம் லேக்டேட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு "இதுலயும் லேக்டோஸ்" என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. லேக்டேட் பால் சர்க்கரை இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம். சில மாத்திரைகளில் மாவாகச் சேர்க்கும் லேக்டோஸ்கூட மிகமிகச் சொற்பம், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, மாத்திரையின் எடையும் அதில் உள்ள சுண்ணாம்பின் எடையும் ஒன்றல்ல. 300 மி.கி. கால்சியம் லேக்டேட் மாத்திரையில் நிஜச் சுண்ணாம்பு சுமார் 39 மி.கி. மட்டுமே. கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்கு, 1250 மி.கி. மாத்திரை 500 தரும். "தினமும் கால்சியம் மாத்திரை போடுறேன், போதும்தானே" என்று சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. பால் சேர்வதில்லை, ஒரு நாளில் இவ்வளவுதான் சாப்பிடுகிறேன் என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொன்னால் எது, எத்தனை என்று டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், ஒரு வேளைக்கு 500 மி.கி. சுண்ணாம்புக்கு மேல் உடம்பு சரியாக வாங்காது. இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும், குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிடும்போது போடலாம், தேநீரோடு வேண்டாம்.

வளைகாப்பும் குங்குமப்பூவும்

ஏழாம் மாத வளைகாப்பில் பால் பாயசம், பால்கோவா, தயிர்ச்சோறு மூன்றும் ஒரே இலையில் வரும், எல்லாரும் ஊட்டிவிடுவார்கள். சமைக்கிறவர்களிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, பாயசத்தைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஜவ்வரிசியும் பாசிப்பருப்பும் அதற்கு அழகாகச் சேரும். பால்கோவா பாலைச் சுண்டக் காய்ச்சியது, பால் சர்க்கரையும் அதே அளவு சுண்டிச் செறிந்திருக்கும். அதை ஒரு விரல் நுனியோடு நிறுத்திக்கொள்ளலாம். குங்குமப்பூப் பால் குழந்தையின் நிறத்தை மாற்றாது. ஆசைக்காகக் குடிப்பதானால் லேக்டோஸ் நீக்கிய பாலில் இரண்டு இழை போடுங்கள்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்

பாலை விட்டு ஒரு வாரமாகியும் போக்கு நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை ஏறாமல் இறங்குகிறது, சிறுநீர் குறைந்து கருத்திருக்கிறது என்றால் சோதனை தேவை. வயிறு விட்டுவிட்டு இறுகி வலிப்பதை வாயு என்று நினைத்துப் படுத்திருக்காதீர்கள், அது பிரசவ வலியாகவும் இருக்கலாம். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் வந்தால் அன்றே போங்கள்.

'பால் ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும்' என்று பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வார்டில் தட்டோடு வரும் பாலுக்கு அப்போதே மாற்று கேட்க முடியும். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும் மிஸ்ஸியும் அதைப் பார்ப்பார். உங்கள் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாததால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பால் சர்க்கரை எப்போதும் இருக்கும், நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அதன் அளவு ஏறாது, குறையாது. அதைச் செரிக்கும் நொதியோடுதான் குழந்தை பிறக்கிறது. பத்தியச் சாப்பாட்டில் பூண்டு, மிளகு, கருவாடு என்று வைக்கும்போது தயிரையும் கீரையையும் 'குளிர்ச்சி' என்று விலக்கிவிடுவார்கள். அந்த 40 நாளும் எலும்போடு அரைத்த பிலிஸ் பொடியும் தௌகுவாவும் தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.